சத்திரசிகிச்சை முடிந்தது, முழங்கால் மடங்கவில்லை

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமமொன்றிலுள்ள அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் போன அன்று, அவருக்கு இடது முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து 23 நாட்கள் ஆகியிருந்தன. விறாந்தையில் கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கதிரை, அதன்மேல் தண்ணீர்ப் போத்தல், மருந்துப் பை, கைத்தொலைபேசி. முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணைகளை அடுக்கி வைத்துவிட்டுப் படுத்திருந்தார்.

“வாங்கோ பிள்ளை, இருங்கோ. என்னாலை எழும்பித் தேத்தண்ணி போட ஏலாது, குறை நினையாதேங்கோ. இந்தப் பிள்ளையள் என்னை ஒரு வேலை செய்ய விடுதுகள் இல்லை” என்றார்.

சொன்னபோது அவருடைய முகத்தில் ஒரு பெருமை இருந்தது. இருக்கத்தானே வேண்டும்! 2009 இல் கணவனைத் தொலைத்தவர். முகாமிலிருந்து மகனோடு திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலில் தொடங்கி, கச்சான் தோட்டத்திலும் வயலிலும் கூலிக்கு நின்று அவனை வளர்த்தவர். 56 வயதில்தான் வாழ்க்கையில் முதன்முறையாக மருமகள் சமைத்த சோற்றைக் கட்டிலில் இருந்தபடி வாங்கிச் சாப்பிடுகிறார். அந்த ஓய்வைக் கெடுக்க எனக்கே மனம் வரவில்லை.

ஆனாலும் “காலை ஒருக்கால் மடக்கிக் காட்டுங்கோ அம்மா” என்று கேட்டேன். மடங்கவில்லை. கதிரையில் நாம் சாதாரணமாக இருக்கும்போது முழங்கால் மடங்கும் அளவில் அரைவாசிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வந்தது. அதற்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு “ஐயோ பிள்ளை” என்றார். காலை முற்றாக நீட்டவும் அவரால் முடியவில்லை.

வைத்தியர்கள் நல்ல முறையில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். காயம் அழகாக ஆறியிருந்தது. பிழை வேறு இடத்தில் இருந்தது.

காகிதம் ஒன்று

மருந்துப் பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துத் தந்தார். அவரைச் சிகிச்சை முடித்து அனுப்பிய வைத்தியசாலையில் கொடுத்தது. அதில் வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகள் எல்லாம் ஒழுங்காக அச்சிடப்பட்டிருந்தன, ஆங்கிலத்தில். பக்கத்தில் சிறிய படங்கள், பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் கறுத்துப்போனவை. வைத்தியசாலையில் நின்ற 5 நாட்களும் இயன்மருத்துவர் வந்து எழுப்பி நடக்க வைத்திருக்கிறார். “வீட்டிலையும் செய்யுங்கோ அம்மா” என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். தையலைக் கிட்டடியிலுள்ள வைத்தியசாலையிலேயே வெட்டிக்கொண்டு, தூர வைத்தியசாலைக்குப் போகாமல் விட்டுவிட்டார்கள்.

பட்டதாரியான நானே அந்தக் காகிதத்தை இரண்டு தடவை வாசித்துத்தான் விளங்கிக்கொண்டேன். அதை அவர் வாசிக்கவில்லை என்று யார் குறை சொல்ல முடியும்?

(இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சமூகவியல் படித்தவள், வைத்தியம் படித்தவளல்ல. இக்கட்டுரையிலுள்ள பயிற்சி விபரங்கள் இயன்மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லிக் கொடுப்பவை. உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.)

அசையாமல் கிடக்கப் பழகியவர்கள்

அந்த அம்மாவின் முழங்கால் ஏன் இவ்வளவு கெதியாகப் பழுதானது? 2009 இல் ஷெல் துண்டு பட்டு முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பு வெடித்திருந்தது. அப்போது கட்டுப்போட்டு, மாதக்கணக்காக அசையாமல் படுக்க வைத்தார்கள். எலும்பு பொருந்தியது, ஆனால் சற்றுச் சரிவாக. சரிந்த எலும்போடு பத்துப் பதினைந்து வருடம் தண்ணீர் சுமந்து, குந்தியிருந்து களை பிடுங்கி நடந்ததில் மூட்டின் நடுவிலுள்ள குருத்தெலும்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துபோனது. காயப்பட்ட மூட்டு மற்ற மூட்டுகளை விட முந்தித் தேய்வது மருத்துவம் நன்கறிந்த விடயம். எங்கள் பிரதேசத்தில் ஐம்பது வயதிலேயே முழங்கால் மாற்ற வேண்டி வரும் பெண்கள் சிலரின் கதை இதுதான்.

அந்தக் காயம் அவர்களுக்கு ஒரு பாடத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டது. ‘எலும்பில் கை வைத்தால் அசையக்கூடாது. அசைந்தால் விலகும்.’ அவரைப் பார்க்க வந்த அயலவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்களாம். அன்று முறிந்த எலும்புக்கு அது சரி. இன்று மாற்றிய மூட்டுக்கு அது நேர்மாறு.

மூட்டு மாற்றும்போது, தேய்ந்த எலும்பின் முனைகளைச் செதுக்கி நீக்கிவிட்டு, உலோகத்தாலான மூடிகளை எலும்போடு ஒட்டி, இடையில் உறுதியான ஒரு வகைப் பிளாஸ்ரிக்கை வைக்கிறார்கள். பெரும்பாலும் எலும்புச் சீமெந்தினால் ஒட்டுவதால் அது அன்றைக்கே இறுகிவிடும். அதனால்தான் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுகிறார்கள். நடந்தால் கழன்று விழாது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வெட்டிய இடத்தைச் சுற்றி உடம்பு புதிய தழும்புத் திசுவைக் கட்டுகிறது. அசைக்காவிட்டால் அது இறுகி, முழங்காலைப் பூட்டிவிடும். அதே வேளை தொடையின் முன்பக்கத் தசை சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் மாதத்திலேயே தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எழும்புவதும் படி ஏறுவதும் அந்தத் தசையால்தான்.

ஆகவே முதல் 6 வாரங்களும் மிக முக்கியமானவை. முதல் 12 வாரங்களுக்குள் கிடைப்பதுதான் பெரும் பங்கு. அதற்குப் பிறகும் ஒரு வருடம் வரை முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக.

ஆனால் எல்லா எலும்புச் சத்திரசிகிச்சையும் ஒன்றல்ல. முறிந்த எலும்புக்குத் தகடோ கம்பியோ வைத்திருந்தால் சில வாரங்களுக்குக் காலில் பாரம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லக்கூடும். வைத்தியசாலையை விட்டு வெளிக்கிடும்போது, “நான் இந்தக் காலிலை முழுப் பாரமும் குடுக்கலாமோ?” என்ற கேள்வியைக் கட்டாயம் கேட்டு, பதிலைத் தமிழில் எழுதுவித்து வாங்குங்கள்.

எவ்வளவு மடங்கினால் போதும்?

கால் நேராக நீண்டிருப்பதை 0 பாகை என்றும், கதிரையில் இருப்பதுபோல் மடங்குவதை 90 பாகை என்றும் கணக்கிடுகிறார்கள். சமதரையில் நடக்க 65 முதல் 70 பாகை வரை போதும். படி ஏறுவதற்கு 85 அளவில் வேண்டும். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்ப 95 அளவில். சைக்கிள் பெடலை முழுச் சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 110. குந்தியிருக்க வேண்டுமானால் 130 ஐத் தாண்டவேண்டும்.

மாற்றிய முழங்கால் நல்ல பயிற்சியோடு பெரும்பாலும் 110, 120 வரை வரும். அதாவது நடக்கலாம், பஸ்ஸில் ஏறலாம், சைக்கிள் ஓடலாம், கடைக்குப் போகலாம். குந்தியிருந்து களை பிடுங்குவதும், அடுப்புக்கு முன்னால் குந்துவதும் பலருக்கு இனி இல்லை. இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே எங்கள் பெண்களுக்கு யாராவது விளக்கமாகச் சொன்னால் எவ்வளவோ ஏமாற்றம் குறையும்.

முதல் 2 வாரங்களுக்குள் 90 பாகையை எட்டுவதைத்தான் இயன்மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்த அம்மா 23 ஆம் நாளில் 55 பாகையளவில் நின்றார். இப்படியே மாதங்கள் போனால் மயக்க மருந்து கொடுத்து முழங்காலை மடக்கிவிட வேண்டி வரும். அதுவும் நாள் செல்லச் செல்லப் பலன் குறைந்துவிடும்.

கட்டிலும் ஒரு சொப்பிங் பையும்

அன்றே வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தோம். பேசியவர் ஒரு பெண். ஏசவில்லை. கைத்தொலைபேசியில் காலைக் காட்டச் சொல்லி, முதலில் செய்வித்தது தலையணைகளை அகற்றியதுதான். முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது சுகமாக இருக்கும், ஆனால் கால் வளைந்தபடியே இறுகிவிடும். நீட்ட முடியாத கால் மடக்க முடியாத காலைவிடவும் மோசம், நொண்டித்தான் நடக்க வேண்டிவரும். துவாயைச் சுருட்டி குதிக்காலுக்குக் கீழே வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் நின்று தானாக நீளட்டும் என்றார்.

அந்த நிலையிலேயே முழங்காலின் பின்பக்கத்தைக் கட்டிலை நோக்கி அழுத்தி, 5 வரை எண்ணிவிட்டு விடவேண்டும். இப்படிப் 10 தடவை. இதுதான் தொடைத் தசையை எழுப்பும் பயிற்சி. பிறகு காலை நேராக வைத்து ஒரு சாண் உயர்த்தி இறக்குவது. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதை மட்டும் முதல் நாளிலிருந்தே மணிக்கொரு தடவை செய்யவேண்டும், காலில் இரத்தம் கட்டிபடாமல் இருப்பதற்கு.

மடக்குவதற்கு அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. குதிக்காலுக்குக் கீழே ஒரு சொப்பிங் பையை விரித்துக்கொண்டு, குதிக்காலை இருப்புப் பக்கமாக இழுப்பது. பை வழுக்குவதால் கால் இலேசாக வரும். அதன் பின் கதிரை நுனியில் இருந்து, நல்ல காலால் மற்றக் காலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, தாங்கக்கூடிய எல்லையில் 10 வரை எண்ணுவது. பேரன் சோக்கினால் தரையில் பெருவிரல் நின்ற இடத்தில் ஒரு கோடு கீறினான். கிழமைக்கொரு கோடு. ஒவ்வொரு கோடும் முந்தியதற்குப் பின்னால் விழவேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 20 முதல் 30 நிமிடம். இடையிடையே முற்றத்தில் நடை.

நோவைப் பற்றி

நோகும். அதை மறைக்கக்கூடாது. நோ மாத்திரையைச் சேமித்து வைப்பது எங்கள் பெண்களின் பழக்கம், “பிறகு கூட நொந்தால் போடுவம்” என்று. மூட்டுச் சிகிச்சையில் அது பிழையான சிக்கனம். வைத்தியர் தந்த மாத்திரையை அளவோடு, பயிற்சிக்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டால் பயிற்சி ஒழுங்காக நடக்கும். பயிற்சிக்குப் பின் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் கடையில் ஒரு ஐஸ் பை வாங்கலாம். பயிற்சி செய்தபின் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அடங்கும் நோ பயப்படத் தேவையில்லாதது. மறுநாளும் வீங்கி நின்றால் சற்றுக் குறைத்துச் செய்யலாம், நிறுத்தக்கூடாது.

யுத்தத்தைக் கடந்து வந்தவர்களுக்கு நோ வெறும் நோவாக மட்டும் இருப்பதில்லை. காலை மடக்கும்போது தனக்குப் பழைய ஆஸ்பத்திரித் தரையும் அங்கே கேட்ட அழுகுரல்களும் ஞாபகம் வருவதாக அந்த அம்மா இரண்டாம் கிழமையில்தான் என்னிடம் சொன்னார். அவர் பயிற்சியைத் தட்டிக் கழித்ததற்கு அதுவும் காரணம். இதைச் சொல்வதில் வெட்கமில்லை. இயன்மருத்துவரிடம் சொல்லலாம், மெதுவாகத் தொடங்குவார்கள். ஆண் ஒருவர் காலைத் தொடுவது சங்கடமாக இருந்தால் பெண் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்கலாம், அல்லது உறவுக்காரப் பெண்ணைப் பக்கத்தில் நிற்கச் சொல்லலாம். தொளதொளப்பான நீளக் காற்சட்டையோ சுரிதாரோ போட்டுக்கொண்டு செய்வது சேலையை விட வசதி.

கட்டிலுக்கும் குசினிக்கும் நடுவில்

எங்கள் வீடுகளில் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நோயில் மட்டும்தான். அந்த நோயும் ‘பார்த்தால் தெரிகிற’ நோயாக இருக்கவேண்டும். கட்டிலில் கிடந்தால் நோயாளி. எழும்பி நடந்தால் சுகமாகிவிட்டாள், இனிக் குசினிக்குப் போகலாம். இரண்டுக்கும் நடுவில் இடமில்லை. எழும்பி அரை மணி நேரம் கால் மடக்கிப் பழகிவிட்டு மறுபடி கட்டிலில் காலை உயர்த்தி வைத்திருக்கும் பெண்ணை, “பயிற்சி செய்ய ஏலும், பானை கழுவ ஏலாதாமோ?” என்று கேட்க நாலு வாய் இருக்கும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே அவர் கட்டிலோடு கிடந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவருடைய மருமகள் காலையில் 6 மணிக்கே ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள், மிக நல்ல பிள்ளை, அப்படிக் கேட்கக்கூடியவளே அல்ல. ஆனாலும் அந்தப் பயம் இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதே கிராமத்தில் இன்னொரு பெண், வலது முழங்கால் மாற்றிய மூன்றாம் கிழமையே சமைக்கத் தொடங்கிவிட்டார். “வீட்டு வேலையே பெரிய பயிற்சிதானே” என்றார். இல்லை. அடுப்படியில் நின்றால் கால் வீங்கும், ஆனால் மடங்காது. வீட்டு வேலையின்போது நாங்கள் நல்ல காலில்தான் பாரத்தைப் போடுகிறோம். நோகும் கால் அப்படியே ஒதுங்கி நிற்கும். தசையை வேலை வாங்குவதற்கு அந்தக் காலுக்கென்று தனியான நேரம் வேண்டும்.

மருமகளையும் மகனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பேசினோம். காலை 5 மணிக்கு, மருமகள் அடுப்பு மூட்டும் நேரத்தில் ஒரு தடவை. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் ஒரு தடவை. இரவு மகன் பக்கத்தில் இருக்க ஒரு தடவை. “மாமி, நீங்கள் இதைச் செய்யாமல் விட்டால்தான் எனக்கு வேலை கூட” என்று மருமகள் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை நான் சொன்ன எல்லாவற்றையும் விட வேலை செய்தது.

வீட்டில் மாற்றவேண்டியவை

குந்தும் மலசலகூடம்தான் பெரிய பிரச்சினை. கொமட் கதிரை ஒன்றைக் குழிக்கு மேலே வைக்கலாம். விலைக்கு வாங்க முடியாவிட்டால் பிரதேச செயலகத்திலுள்ள சமூகசேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வெட்டிச் செய்வோரும் உண்டு. ஆனால் கால்கள் அகலாத உறுதியான கதிரையாக இருக்கவேண்டும், சுவரில் ஒரு பிடிகம்பியும் வேண்டும். விழுந்தால் எல்லாம் வீண். தரை விரிப்புகளை எடுத்துவிடுங்கள். கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

ஊன்றுகோலை நோகும் காலின் பக்கம் பிடிப்பவர்கள் அதிகம். எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்கவேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முதலில்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு இன்னும் சில கட்டுப்பாடுகள் சொல்லக்கூடும். கால்மேல் கால் போடக்கூடாது, பதிவான இடத்தில் இருக்கக்கூடாது, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடித்துக் குனியக்கூடாது என்பன அவை. மீறினால் மூட்டுக் கழன்றுவிட இடமுண்டு. அவை எத்தனை வாரங்களுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுப் பிடிப்பிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆறாத காயத்தில் எண்ணெய் படவே கூடாது. பலவந்தமாகப் பிடித்து இழுக்கவும் கூடாது. பரம்பரை வைத்தியத்தில் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் மாற்றிய மூட்டு அதற்குரிய இடமல்ல.

தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும், முழங்கால் சில மாதங்கள் இளஞ்சூடாக இருப்பதும் வழமைதான். காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிந்தாலோ, காய்ச்சலோடு மூட்டுச் சிவந்து நொந்தாலோ, ஆடுசதை வீங்கிக் கல்லுப்போல் ஆனாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

உடம்பில் ஷெல் துண்டுகள் இருப்பவர்கள் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். பழைய காயம் எப்போதாவது சீழ்ப்பிடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், மாற்றிய மூட்டில் கிருமித் தொற்று ஏற்படும் அபாயத்தை அவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்வார்கள். “பழைய கதை, என்னத்துக்கு” என்று விட்டுவிட வேண்டாம். மூட்டுக்குரிய செலவு தலைக்கு மேல் போனால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதியினருக்கு மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் 2024 இல் திறக்கப்பட்ட புனர்வாழ்வு சிகிச்சைப் பிரிவும் கிட்டடியில் இருக்கிறது. உங்கள் கிளினிக் அட்டையைக் காட்டி அங்கே இயன்மருத்துவத்தைத் தொடரமுடியுமா என்று வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த அம்மாவுக்கு 90 பாகை வர 9 கிழமை எடுத்தது. நாலாம் மாதத்தில் 105. முன்னரே தொடங்கியிருந்தால் இன்னும் வந்திருக்கலாம் என்று இயன்மருத்துவர் சொன்னார், அவரும் ஒத்துக்கொண்டார். கோயிலில் இப்போது தூணோரமாகக் கதிரை போட்டு இருக்கிறார். முதல் நாள் அது வெட்கமாக இருந்ததாம். களை பிடுங்கப் போவதில்லை. வீட்டு வாசலில் மேசை வைத்து, நின்றபடி தோசை சுட்டு விற்கிறார். அரை மணிக்கொரு தடவை கதிரையில் இருந்து காலை மடக்கி நீட்டுவதை வாங்க வருபவர்களுக்கு முன்னாலேயே செய்கிறார்.

வலது முழங்காலும் தேய்ந்துதான் இருக்கிறது. அதற்கு இன்னும் திகதி கிடைக்கவில்லை. கொமட் கதிரையை அதுவரைக்கும் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்று, மூன்று வீடு தள்ளி இடுப்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்து வந்திருக்கும் ஆச்சிக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். கூடவே அந்த ஆங்கிலக் காகிதத்தையும் கொடுக்கப் பார்த்தார். அது முழங்காலுக்கானது, ஆச்சிக்கு உதவாது என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். தமிழில் எழுதி, பேரனைக் கொண்டு படம் கீறுவித்துப் பிரதி எடுக்கவேண்டும்.